ஒத்திகையும் சாதகமும்

ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரைக் காலராவோடு கொண்டுவந்து கட்டிலில் கிடத்துகிறார்கள். கண்கள் குழிவிழுந்திருக்கின்றன. மணிக்கட்டில் நாடி பிடிபடவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகத்தான் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் சிகிச்சை முறைப்படி இவருக்கு 3 மணி நேரத்தில் 5 லிட்டர் திரவம் ரத்த நாளம் வழியே ஏற வேண்டும். அதில் ஒன்றரை லிட்டர் முதல் அரை மணிக்குள். அரை லிட்டர் ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல்.) பாட்டில் கணக்கில், முப்பது நிமிடத்துக்கு மூன்று பாட்டில். ஒரு கையில் ஊசி போட்டால் போதாது, இரண்டு கையிலும் போட வேண்டியிருக்கும். நாடி ஒடுங்கியவருக்கு ரத்த நாளம் தேடுவது லேசான காரியமும் இல்லை.

இந்தக் கணக்கைச் செவிலியர் படிப்பு முடித்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அன்றாட வார்டில் அவர்கள் கை பழகியிருப்பது வேறொன்றுக்கு. சொட்டு எண்ணி, மெதுவாக விட்டு, வயதானவருக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடுமோ என்று பயந்து பயந்து ஏற்றுவதற்கு. காலரா அந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. குழாயின் திருகியைக் குறைத்து வைப்பதே ஜாக்கிரதை என்று பத்து வருடம் பழகிய விரல், அன்று ஒருநாள் அதை முழுக்கத் திறந்துவிட வேண்டும். உரிய நேரத்தில் சரியாகக் கவனித்தால் காலரா நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. தாமதித்தால் சில மணி நேரத்தில் ஆள் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவே நிற்பவற்றில் அந்த விரலின் தயக்கமும் ஒன்று.

காவிரி டெல்டாவுக்குக் காலரா தாத்தா காலத்துக் கதை மட்டுமில்லை. 2022இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12க்கு முன்பே, மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டது. கடைமடை வரை குறுவைப் பேச்சாக இருந்த அந்தப் பருவத்தில், ஜூலை 3ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலை என்று புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறை அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. சிலரிடம் காலரா உறுதியானது. பள்ளிகளை மூடினார்கள், 144 தடை உத்தரவு போட்டார்கள். பழைய குடிநீர்க் குழாய்களில் கழிவுநீர் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அரசலாற்றங்கரையில் உள்ள ஊரில் இப்படி என்றால், அதே ஆற்று நீரும் அதே வயதுக் குழாய்களும் உள்ள மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களுக்கு எல்லைக்கோடு என்ன பாதுகாப்பு? காலராவுக்குப் புதுச்சேரி, தமிழ்நாடு என்ற பிரிவினை தெரியாது. அன்று பணியில் இருந்த இளம் செவிலியர்களில் எத்தனை பேர் அதற்குமுன் ஒரு காலரா நோயாளியையேனும் பார்த்திருப்பார்கள்? நல்ல ஆட்சியும் நல்ல தண்ணீரும் வாய்த்த ஊரில் கொள்ளைநோய் அரிதாகிறது. அரிதாக ஆக, அதைக் கையாளும் கையும் அரிதாகிறது. படுக்கை அருகே நின்று கற்க வாய்ப்பில்லாத வித்தையை எங்கே கற்பது?

பாவனையாகச் செய்துதான். மருத்துவக் கல்லூரிகளில் இதைச் சிமுலேஷன் என்றே சொல்கிறார்கள். செய்தித்தாள்கள் ஒத்திகை என்கின்றன.

ஒத்திகைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 2020 மார்ச் 22ஆம் தேதி, மக்கள் ஊரடங்கு என்று நாடே வீட்டுக்குள் இருந்த அதே ஞாயிறு, எல்லா மருத்துவமனைகளும் கொரோனா ஒத்திகை நடத்த வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் உத்தரவிட்டிருந்தது. தடுப்பூசி வருவதற்கு முன் 2021 ஜனவரியில், ஊசியில் மருந்தே இல்லாமல், பெயர் பதிவிலிருந்து அரை மணி நேரக் காத்திருப்பு வரை செய்துபார்த்தார்கள். பிறகு 2022 டிசம்பர் 27, 2023 ஏப்ரல் 10, 11 என்று நாடு தழுவிய ஒத்திகைகள். தடுப்பூசி ஒத்திகை உண்மையிலேயே பயன்பட்டது என்பது என் எண்ணம். வரிசை எங்கே முட்டுகிறது, இணையதளம் எங்கே திணறுகிறது என்று அதில் தெரிந்தது. மற்றவற்றில் முக்கியமாகப் பார்க்கப்பட்டவை படுக்கைகள் எத்தனை, வென்டிலேட்டர்கள் ஓடுகின்றனவா, ஆக்சிஜன் ஆலை இயங்குகிறதா, மருந்து இருப்பு என்ன என்பவை. தேவையான கணக்குதான். இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு நாடு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அது சாமான் சரிபார்ப்பு. அந்த வென்டிலேட்டரை, முழுக் கவச உடையில் வியர்த்து, கண்ணாடியில் ஆவி படிந்த நிலையில், பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாமல், ஒருவர் எப்படி மாட்டுவார் என்பதை அது பார்ப்பதில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் எங்கள் பக்கத்துக் குளங்களில் தீயணைப்புத் துறையினர் ஒரு ஒத்திகை காட்டுவார்கள். காலி பிளாஸ்டிக் குடம், வாழைமரத் தெப்பம், கயிறு கட்டிய டயர். சீருடைக்காரர் ஒருவர் நீரில் இறங்கிக் கையை ஆட்டித் தத்தளிப்பார், இன்னொருவர் காப்பாற்றுவார். கரையில் பள்ளிப் பிள்ளைகள் கைதட்டும். மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வரும். பார்க்கிறவர்களுக்கு அதில் நிச்சயம் ஏதோ பதியும். ஆனால் அந்தக் குளத்தில் யாரும் முழுகுவதில்லை, கயிறு அவிழ்வதில்லை. தவறு நடக்க இடமில்லாத ஒத்திகை அது.

தஞ்சை மண்ணில் பழகிப்பார்ப்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ஒத்திகை. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவுக்கு, வேலை நிமித்தம் வெளியூர்களில் இருக்கும் நடிகர்கள் ஊர் திரும்பி ஒத்திகை பார்ப்பார்கள். தேதி குறித்தது, மேடை தெரிந்தது, முடிந்தால் கலைவது. மற்றது சாதகம். நாகஸ்வரக்காரர் வீட்டில் விடியற்காலையில் கேட்கும் ஒரே சரளி வரிசை. கச்சேரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பெரிய வித்வான்களைப் பற்றிப் பேசும்போது அசுர சாதகம் என்பார்கள். கொள்ளைநோய்க்கு நாம் நடத்துவது ஒத்திகை. தேவைப்படுவது சாதகம். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் எளிய பயிற்சியே மூன்று முதல் ஆறு மாதங்களில் கையை விட்டு நழுவத் தொடங்கிவிடுகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அப்படியிருக்க, 2023 ஏப்ரலில் செய்த ஒத்திகை இன்று யார் கையில் மிச்சமிருக்கும்?

இப்படிப் பழகுவது மேற்கிலிருந்து வந்த புது யோசனை என்று நினைக்க வேண்டாம். சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களில் கீறிப் பழகச் சொல்கிறது. நீரும் சேறும் நிரப்பிய தோல்பையைக் குத்தித் திறந்து பார்க்கவும், இறந்த விலங்கின் நாளத்திலும் தாமரைத் தண்டிலும் துளையிடவும், செய்துவைத்த ஆள் உருவத்தின் கை கால்களில் கட்டுப்போட்டுப் பழகவும் சொல்கிறது. நிறையப் படித்திருந்தும் இப்படிக் கைபழகாதவன் வேலைக்கு ஆகமாட்டான் என்பது அதன் தீர்ப்பு. நார்வே நாட்டு பொம்மைக் கம்பெனி 1960இல் உருவாக்கிய ரெஸஸி ஆன் என்ற மூச்சூட்டும் பொம்மை உலகப் புகழ் பெற்றது. சுசுருத சம்ஹிதையின் ஆள் உருவத்துக்கு அப்படியொரு விளம்பரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தஞ்சையிலும் ஒரு முன்கதை உண்டு. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் நடத்தி, கண் நோயாளிகளின் விவரங்களைப் படம் வரைந்து பதிந்துவைக்கச் செய்தவர். உடற்கூறு கற்க அவருக்கு ஆசை. மனித எலும்பைத் தொடுவது தீட்டு. அதற்கு அவர் கண்ட வழி, செயற்கையாகச் செய்த எலும்புக்கூட்டைத் தருவித்துக் கற்பது. உண்மையைத் தொட முடியாதபோது அதன் பிரதியைத் தொட்டுப் பழகுவது. தொற்றுநோய்ப் பயிற்சியில் நடப்பதும் இதுதான். தீட்டு என்ற சொல்லுக்குப் பதில் தொற்று என்று போட்டுக்கொள்ளலாம்.

இனி, நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே பாவனைப் பயிற்சி என்ன செய்ய முடியும் என்பதற்கு வருகிறேன். 2003இல் சார்ஸ் கனடாவின் டொரன்டோ நகரைப் பிடித்தபோது, தொற்றியவர்களில் கணிசமானோர் மருத்துவமனை ஊழியர்கள். மூச்சு நின்றவரின் தொண்டையில் குழாய் செருகும் நிமிடங்கள் அதிக ஆபத்தானவை. செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனையில் பொம்மை நோயாளியை வைத்து, முழுக் கவசத்தோடு அந்த நிமிடங்களைத் திரும்பத் திரும்பச் செய்துபார்த்தார்கள். நோக்கம் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தது. ஆனால் செய்யச் செய்ய, எழுதிவைத்திருந்த விதிமுறையில் இருந்த ஓட்டைகள் வெளியே வந்தன. மாணவரைச் சோதிக்கப் போய்ப் பாடப்புத்தகமே சோதனைக்கு உள்ளானது. விதிமுறையைத் திருத்தி எழுதினார்கள். நல்ல பாவனைப் பயிற்சியின் அடையாளம் இதுவென்று நினைக்கிறேன்: முடிந்தபின் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்.

இன்னும் கூர்மையான உதாரணம் 2020இல் வந்தது. தைவான் மருத்துவர் ஒருவர், நோயாளியின் தலையை மூடும் கண்ணாடி போன்ற பெட்டி ஒன்றை வடிவமைத்தார். இரண்டு துளை வழியே கையை விட்டுக் குழாய் செருகலாம், இருமல் திவலை வெளியே வராது. பாஸ்டனில் பொம்மையை இருமவைத்து, ஒளிரும் சாயம் பெட்டிக்குள்ளேயே நின்றதைக் காட்டினார்கள். உலகமே பெட்டி செய்தது. நம் ஊர்களிலும் அக்ரிலிக் பட்டறைகள் செய்து மருத்துவமனைகளுக்கு நன்கொடையாகக் கொடுத்தன. மாலை மரியாதையோடு ஒப்படைத்த படங்கள் நினைவிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மயக்கவியல் மருத்துவர்கள் அதைப் பொம்மையிடம் கொண்டுபோய் வேறு கேள்வி கேட்டார்கள். திவலை நிற்கிறதா என்று அல்லாமல், வேலை நடக்கிறதா என்று. பெட்டி இருந்தால் குழாய் செருக அதிக நேரம் ஆனது. சில முறை துளையின் விளிம்பில் உரசிக் கவச உடையே கிழிந்தது. ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அந்தக் கூடுதல் நொடிகள் சாதாரணமானவை இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, காற்றை உறிஞ்சும் வசதியில்லாத அத்தகைய பெட்டிகளுக்குக் கொடுத்த அவசர அனுமதியை விலக்கிக்கொண்டது. நல்லெண்ணம் செய்த பிழையைப் பொம்மை காட்டிக்கொடுத்தது.

கவச உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். எவ்வளவு ஆபத்து? அமெரிக்காவின் கிளீவ்லாந்து பகுதி மருத்துவமனைகளில் ஒளிரும் திரவத்தைக் கையுறையில் தடவி, ஊழியர்களை வழக்கம்போலக் கழற்றச் சொன்னார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில், 46 சதவீத முறை தோலிலோ உடையிலோ திரவம் ஒட்டியிருந்தது. புதியவர்கள் இல்லை, அன்றாடம் கையுறை போடுகிறவர்கள். பிறகு ஒரு குழுவுக்கு, எங்கே ஒட்டியது என்று உடனுக்குடன் விளக்கொளியில் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். 60 சதவீதமாக இருந்தது 18.9 ஆகக் குறைந்தது.

இதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கையுறையைக் கழற்றத் தெரியாதா என்ன? ஒரு ராத்திரி வீட்டிலேயே செய்துபார்த்தேன். ஒளிரும் திரவத்துக்கு எங்கே போவது? சமையலறை மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொண்டேன். மஞ்சள் புறஊதா ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். கள்ளநோட்டு பார்க்கிற நீல விளக்கைத் தெருமுனைக் கடைக்காரரிடம் இரவல் வாங்கினேன். எண்ணெயைக் கையுறையின் உள்ளங்கையில் தடவிக்கொண்டு, முகக்கவசமும் பழைய மழைக்கோட்டும் மாட்டி, விதிமுறைத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்துக் கழற்றினேன். மணிக்கட்டருகே வெளிப்புறத்தைக் கிள்ளிப் பிடித்து உள்வெளியாக உரிப்பது. உரித்ததை மறு கைக்குள் உருட்டிக்கொள்வது. வெறும் விரலை அடுத்த கையுறையின் உள்ளே விட்டு அதையும் உரிப்பது. மகள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, காதைத் தொட்டீங்க.”

“இல்லையே.”

“தொட்டீங்கப்பா. கோட்டைக் கழட்டுறப்போ. நான் பாத்தேன்.”

விளக்கை அணைத்துவிட்டு நீல ஒளியைக் காட்டினாள். வலது மணிக்கட்டில் ஒரு வளையம். காது மடலில் ஒரு பொட்டு. இரண்டாம் முறை வளையம் போனது, பொட்டு கழுத்துக்கு இறங்கியது. நாலாம் முறைதான் எதுவும் தெரியவில்லை. அதற்குள் மணி பத்தரை. ஓர் இரவுப் பணி முடித்துக் களைத்த கை இதைச் செய்ய வேண்டும் என்பதையும், என் வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

இந்த விளையாட்டில் கவனிக்க வேண்டியது மஞ்சள் இல்லை, மகள். காதைத் தொட்டது எனக்கே தெரியாது. 2014இல் அமெரிக்காவின் டல்லஸ் நகர மருத்துவமனையில் எபோலா நோயாளியைப் பார்த்துக்கொண்ட இரண்டு செவிலியர்களுக்குத் தொற்று ஏற்பட்டபின், அக்டோபர் 20ஆம் தேதி அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் விதிகளைக் கடுமையாக்கியது. கவசம் போட்டுக் கழற்றத் திரும்பத் திரும்பப் பயிற்சி. தோல் துளியும் வெளியே தெரியக் கூடாது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் நம் ஊரில் மிகக் கடினமானது என்பேன். பக்கத்தில் நிற்பவர் பார்த்தால் போதாது, வாயைத் திறக்க வேண்டும். பேராசிரியர் அவசரமாகக் கவசத்தைக் கழற்றுகிறார். நிற்பவர் சேர்ந்து ஆறு மாதமான ஒப்பந்தச் செவிலியர். “சார், நில்லுங்க. கை முகத்துக்குப் போவுது” என்று அவர் சொல்ல வேண்டும். நம் மருத்துவமனைகளில் வார்டுக்குள் யார் முன்னால் நடப்பது, யார் பின்னால் கேஸ் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வருவது என்பதற்குக் கோயில் மரியாதை போல ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் கடைசியில் நிற்பவர் முதலில் நிற்பவரை நிறுத்துவது, சுற்றறிக்கையால் வராது. வாய்க்கும் சாதகம் வேண்டும். பயிற்சியில் பேராசிரியரே வேண்டுமென்று தவறு செய்து, இளையவர் குரல் எழும்வரை கழற்றிக்கொண்டே போவதை ஒரு பாடமாக வைக்கலாம். நிறுத்தியதற்கு அவர் நன்றி சொல்லிப் பழகுவது அதே பாடத்தின் இரண்டாம் பாதி.

இத்தனை ஏற்பாடும் நோயின் பெயர் தெரிந்த பிறகுதான். 2018 மே மாதம் கேரளத்தின் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் செவிலியர் லினி காய்ச்சல்காரர் ஒருவரைக் கவனித்தபோது, அது நிபா என்று யாருக்கும் தெரியாது. தெரியவந்த வேளையில் அவரே நோயாளியாகி, பிள்ளைகளைப் பார்க்காமலே இறந்துபோனார். கவச உடை அலமாரியில் இருந்து பயனில்லை. அதை எடுக்கத் தோன்றும் கணம் முன்கூட்டியே வர வேண்டும். அந்தக் கணத்தைப் பழக்குவதற்குப் பொம்மை, விளக்கு எதுவும் வேண்டாம். ஒரு மேசை, நாலு நாற்காலி, சில அட்டைகள் போதும்.

டெல்டாவுக்கென்று ஒன்றை எழுதிப் பார்க்கலாம். தை மாதம், சம்பா அறுவடை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் திங்கட்கிழமைக் கூட்டம். முதல் அட்டை: நாற்பது வயது அறுவடைக் கூலித் தொழிலாளி, மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி. சுற்றியிருப்பவர்கள் பாராசிட்டமால் எழுதுவார்கள். டெங்குப் பரிசோதனை என்பார் ஒருவர். இரண்டாம் அட்டை, கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டியது: கெண்டைக்கால் தொட முடியாதபடி வலிக்கிறது, கண் சிவந்திருக்கிறது, பீளை இல்லை. மூன்றாவது: அதே தெருவிலிருந்து இன்னும் இருவர், மூவரும் எலிவளை நிறைந்த ஒரே வரப்பை ஒட்டித் தண்ணீர் நின்ற வயலில் வேலை செய்தவர்கள். எலிக்காய்ச்சல் என்று யாருக்கு, எந்த அட்டையில் பொறி தட்டுகிறது? தட்டியவர் யாரிடம் சொல்கிறார்? மாலை ஐந்து மணிக்கு வட்டார மருத்துவ அலுவலரின் போன் எடுபடவில்லை என்று நாலாவது அட்டை சொல்லும். அங்கேதான் பயிற்சியே தொடங்குகிறது. சுகாதார ஆய்வாளர் நேராக வயலுக்குப் போகிறாரா, உத்தரவுக்குக் காத்திருக்கிறாரா? கிராம சுகாதார செவிலியருக்கு அந்தத் தெருவில் இன்னும் யாருக்குக் காய்ச்சல் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவரிடம் யாராவது கேட்கிறார்களா?

முடிந்தபின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அலச வேண்டும். பாவனைப் பயிற்சியில் கற்பது பெரும்பாலும் அந்த அலசலில்தான் நடக்கிறது என்பது இத்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வது. நம் ஒத்திகைகளில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். குழுப்படம் எடுத்துக்கொண்டு, டீ வடை முடிந்ததும், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

அலசி எழுதினாலும் அது அலமாரிக்குப் போகலாம். 2016 அக்டோபரில் பிரிட்டன் அரசு சிக்னஸ் என்ற பெயரில் மூன்று நாள் ஃப்ளூ கொள்ளைநோய் ஒத்திகை நடத்தியது. கடுமையான கொள்ளைநோய் வந்தால் நாட்டின் ஏற்பாடு தாங்காது என்று அதன் அறிக்கை ஒளிவுமறைவின்றிச் சொன்னது. அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்தது 2020இல், கொரோனா வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு. தோற்றுப்போன ஒத்திகையை விடப் பயனுள்ளது வேறில்லை. ஆனால் தோல்வியை வெளியே சொல்ல அதிகாரிகளுக்கு எளிதில் மனம் வராது. இந்தியாவில் 2024 ஆகஸ்ட் 27 முதல் 31 வரை ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் விஷாணு யுத்த அப்யாஸ் என்று ஓர் ஒத்திகை நடந்தது. விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவிய கற்பனை நோய் ஒன்றை வைத்து, மனித மருத்துவம், கால்நடை, வனத்துறை மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டு, வெளி ஆட்களை வைத்து மதிப்பிட்டார்கள். திருத்த வேண்டியவை இருக்கின்றன என்று அரசே ஒப்புக்கொண்டது நல்ல தொடக்கம். அப்படியொன்று நெல்லும் எலியும் வாத்தும் மாடும் மனிதரும் ஒரே தண்ணீரில் நிற்கும் காவிரிக் கடைமடையில் நடந்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

இடத்துக்குக் குறைவில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் தொடங்கியது. திருவாரூரில் 2010இல் ஒன்று. 2022இல் நாகப்பட்டினத்திலும் ஒன்று. திறன் பயிற்சிக் கூடம் 2019 முதல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் கட்டாயம். பொம்மைகள் வந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அவை மருத்துவ மாணவர்களுக்கு. கொள்ளைநோய் வரும்போது முதலில் வீட்டு வாசலில் நிற்பவர் கிராம சுகாதார செவிலியர். நோயாளியைத் தூக்கி 108 ஆம்புலன்ஸில் ஏற்றுபவர் அவசர மருத்துவ உதவியாளர். வாந்தியைத் துடைப்பவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். உடலைக் கட்டித் தருபவர் பிணவறை ஊழியர். இவர்களில் எவரும் அந்தக் கூடத்தின் கதவைத் தாண்டியிருப்பார்களா என்று கேட்டால் பதில் சங்கடமானது. சியரா லியோனில் எபோலாவின்போது ஃப்ரீடவுன் தேசிய விளையாட்டரங்கில் போலி சிகிச்சைக் கூடம் கட்டி ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியில் நோயாளியாக நடித்தவர்களில் எபோலாவிலிருந்து பிழைத்தவர்களும் உண்டு. கவசத்துக்குள் இருப்பவர் தன்னை ஒரு சாமான்போலத் தொட்டால், படுத்திருப்பவர் எழுந்து அதைச் சொல்வார். காரைக்காலில் அன்று படுத்து எழுந்தவர்கள் இருக்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு தம்ளரில் கலந்து கொடுத்துவிட்டுப் போகிற செவிலியரிடம், “இது ஒரு லிட்டருக்கு உள்ளது, தங்கச்சி” என்று சொல்ல அவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

பயிற்சியால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. இரவுப் பணியில் ஒரே செவிலியர், மூன்று காலரா நோயாளிகள் என்றால், முதல் அரை மணிக்கு ஒன்பது பாட்டில். எவ்வளவு சாதகம் செய்த கையாக இருந்தாலும் இரண்டு கைதான். காலி இடத்தைப் பொம்மை நிரப்பாது. ஆனால் அதே இரவை ஒருமுறை அந்த வார்டிலேயே, அந்த நேரத்திலேயே, அந்த ஒரே செவிலியரை வைத்து நடத்திப் பார்த்தால், எத்தனையாவது நிமிடத்தில் எந்தக் கட்டில் கைவிடப்படுகிறது என்று கடிகாரத்தில் குறித்துக்கொள்ளலாம். ஆள் கேட்டு எழுதும் கடிதத்துக்கு அதைவிட நல்ல இணைப்பு எது?

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028 மாசியில். கடைசியாக 2016இல் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குளத்தில் லட்சக்கணக்கானவர்கள் முழுகும் ஊரில், 2016இல் முகாமில் உட்கார்ந்த செவிலியர்கள் பலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். அங்கே பந்தல்கால் நடுவதற்கு முன்பே யாராவது அட்டைகளை எழுதத் தொடங்கியிருந்தால் நல்லது.

அந்த ராத்திரி, நாலாம் முறை மஞ்சள் எங்கும் ஒட்டவில்லை என்ற பெருமையோடு படுத்தேன். விடியுமுன் எழுந்து, விளக்கைக் கடைக்காரரிடம் திருப்பித் தருவதற்கு முன் சும்மா ஒருமுறை போட்டுப் பார்த்தேன். மேசைமேல் கழற்றிவைத்திருந்த மூக்குக்கண்ணாடியின் வலது காம்பு, காதுக்குப் பின்னால் வளையும் இடத்தில், பளிச்சென்று மின்னியது. குளியலறைத் தாழ்ப்பாளும்.